வெயிலில் தெரியாத தீ

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். இவ்வளவு நீளமாகக் கடைசியாக எழுதியது அந்தப் பரீட்சையில்தான். அதிலும் கட்டுரைக்கு மார்க் குறைவு. நீங்கள் ஐ.டி.ஐ., டிப்ளமோ என்று முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள். உங்களுக்கு எழுதிச் சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் நான் கடையை விட்டு நின்ற அன்று, "அக்கா, ரெண்டு வார்த்த பேசுங்க" என்று கேட்டீர்கள். நான் எழுந்து நின்று, கையிலிருந்த டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பேச வேண்டிய இடத்தைத் தாண்டிய பிறகுதான் பேச்சு வரும்.

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தீர்கள். "அக்கா, இது நம்ம கடை முற்றம்தான? இது நீங்கதான?" என்று கேட்டு, சிரிக்கிற முகம் மூன்று போட்டிருந்தது. வேட்டி சட்டையில் ஒரு பெரியவர் குதிக்கிறார். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்ட ஒரு பெண் தண்ணீர்க் குழாயைத் தூக்கி அவர் மேல் பீய்ச்சுகிறாள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். யாரோ பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். அரை நிமிஷம்கூட இருக்காது.

ஆமாம், அது நான்தான். அந்தப் பெரியவர் அப்போது எரிந்துகொண்டிருந்தார்.

வீடியோவில் அது தெரியாது. நேரில் நின்ற எங்களுக்கே தெரியவில்லை. நீங்கள் சிரித்ததைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே நின்றவர்களும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் இனி அந்தச் சின்ன இன்ஜின்களை ஓட்டிப் பார்க்கப் போவது நீங்கள். அதனால் நடந்ததை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மோட்டார் வைண்டிங் கடைக்கு மாடல் விமான இன்ஜின் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நம் முதலாளி அண்ணாச்சிக்குத் தெரிந்த ஒரு காலேஜ் வாத்தியார் ஒரு தடவை, இன்ஜினைப் பற்றவைக்கிற குளோ பிளக் ஒன்று எரிந்துபோய்விட்டது என்று கொண்டுவந்தார். கட்டைவிரல் நகம் அளவு. அதற்குள் தலைமுடி மாதிரி ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். "இத யாராலயும் திரும்பக் கட்ட முடியாதுன்னு சொல்லுதாங்க" என்றார். அண்ணாச்சி அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மிக்சி மோட்டாருக்கு மெல்லிய கம்பி சுற்றுகிற கை என்னுடையது. நாலு நாள் ஆனது. கட்டிவிட்டேன். அந்த வாத்தியார் மாடல் விமானம் விடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டோ எடுத்துப் போட, கோயம்புத்தூர், பெங்களூரு, திருவனந்தபுரம் என்று கூரியரில் டப்பா டப்பாவாக வர ஆரம்பித்தது.

அதில் பாதி இன்ஜின்கள் என்னைவிட வயதானவை. சிலவற்றில் பிளக் தனியாக இருக்காது. இன்ஜின் தலையிலேயே சுருளைப் பதித்திருப்பார்கள். சுருள் போனால் தலையே போச்சு. அந்தத் தலை இப்போது எங்கும் கிடைக்காது. அதைத் துளைத்து, பித்தளை வளையமாக ஒரு புஷ் இறக்கி, உள்ளே திருகு மரை போட்டு, இன்றைக்குக் கடையில் கிடைக்கிற பிளக்கை உட்கார வைப்பதுதான் நம் வேலை. துளைப்பதும் மரையும் செல்லத்துரை. சுருளும் சோதனையும் நான். செல்லத்துரையை உங்களுக்குத் தெரியும். இப்போது உங்களுக்கு மேஸ்திரி. அப்போது கல்யாணம்கூட ஆகாதவன்.

பிளக்கைச் சோதிக்க ஒரு பேட்டரி செல் போதும். தொட்டதும் சுருள் சிவந்து, ஆரஞ்சு நிறத்துக்கு வரவேண்டும். இன்ஜின் பிடித்ததும் செல்லை எடுத்துவிடலாம். பிறகு எரிபொருளின் சூட்டிலேயே சுருள் கனன்றுகொண்டிருக்கும். எரிபொருள் என்பது மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

அண்ணாச்சி ஆரம்பத்திலேயே ஒரு சட்டம் வைத்திருந்தார். "பிளக்க இருட்டுல பாரு. இன்ஜினையும் இருட்டுலயே ஓட்டு." பின்னறையில், ஒரே ஒரு ஜன்னலை ஒருக்களித்து வைத்துவிட்டு, அங்கேதான் இன்ஜினை மாட்டி ஓட்டுகிற பெஞ்ச். ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கே காரணம் தெரியும் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் சுருளின் நிறம் தெரியாது, அதனால் இருட்டு. இன்ஜினை ஓட்டும்போதும் பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் அதுவும் இருட்டு. அப்படி நானே முடிவு செய்துகொண்டேன்.

பல வருஷம் அப்படியே போயிற்று. பிறகு என் கண் மங்க ஆரம்பித்தது. ஆரஞ்சு என்று நான் அனுப்பிய ஒரு பிளக் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தது. மங்கல் சிவப்பைத்தான் நான் ஆரஞ்சு என்று பார்த்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் ஒரு மீட்டர் வாங்கி வைத்தார். சுருள் எவ்வளவு கரண்டு இழுக்கிறது என்று முள் காட்டிவிடும். நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நிறத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் இருட்டும் வேண்டாம்தானே. பின்னறையில் ஆமணக்கெண்ணெய்ப் புகை நெஞ்சை அடைக்கும். அப்போது வேலை பார்த்த பெண்கள் இருமிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் நானும் செல்லத்துரையுமாகப் பெஞ்சைத் தூக்கி முற்றத்தில், மோட்டார் சோதிக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டோம். நல்ல வெயில் படுகிற இடம். சாயங்காலம் அண்ணாச்சி வந்தார். பெஞ்சைப் பார்த்தார். "காத்தாட இருக்கட்டும்னா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். சரி என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தச் சனிக்கிழமை.

குற்றாலத்தில் சீசன். நாலைந்து நாளாக அடித்த சாரல் அன்றைக்கு நின்று, கண் கூசும் வெயில். அண்ணாச்சி ஒரு வேலையாகச் செங்கோட்டைக்குப் போயிருந்தார். பதினொன்றரை மணிக்கு வடகரைக்காரர் வந்தார்.

பம்பாயில் ஏதோ ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆகி ஊருக்குத் திரும்பியவர் அவர். தென்னந்தோப்பும் வயலும் உண்டு. அறுவடை முடிந்த வயலில் விமானம் விடுவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை. அவர் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். நேராக முகத்தைப் பார்த்துப் பேசினதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் நின்றதுகூட இல்லை.

அன்று ஓட்டிப் பார்க்க வேண்டிய இன்ஜின் அவருடையது. தலையோடு சுருள் பதித்த பழைய ரகம். நாங்கள் தலையைத் துளைத்துப் புது பிளக் வைத்திருந்தோம். இப்படி மாற்றினால் அது ஓடவே ஓடாது என்று பெங்களூரில் இருக்கும் அவருடைய சிநேகிதர் சொல்லியிருக்கிறார். அவருக்கு அனுப்பத்தான் வீடியோ. போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, பெஞ்சைப் பார்க்க வைத்து, பட்டனை அழுத்திவிட்டு வந்து நின்றார்.

"ஏம்மா, ஓடுமா ஓடாதா?"

"ஓடும் ஐயா."

"சத்தமாச் சொல்லு. பெங்களூர்க்காரன் காதுல விழணும்."

நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டேன்.

"அக்கா சத்தமாப் பேசி நாங்களே கேட்டதில்ல ஐயா" என்றான் செல்லத்துரை. "இங்கன மோட்டார் மட்டுந்தான் பேசும்."

முற்றத்தில் ஆய்க்குடியிலிருந்து இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய நீர்மூழ்கி மோட்டார் தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஓட்டிக் காட்டினால்தான் எடுத்துப் போவோம் என்று நின்றார்கள். தொட்டித் தண்ணீரை மோட்டார் குழாய் வழியே இழுத்துத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது.

அதில் மூத்தவர் பெஞ்சை எட்டிப் பார்த்தார். "இத்தினிக்கூண்டு இன்ஜினுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"ஒம்ம மோட்டார் பறக்குமாவே?" என்றார் வடகரைக்காரர்.

"பறக்காது. வயலுக்குத் தண்ணி எறைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நாளாகத்தான் இருந்தது.

இன்ஜினின் முன்னால் இருந்த விசிறியை இரண்டு தடவை விரலால் தட்டினேன். பிடிக்கவில்லை. எரிபொருள் போதவில்லை என்று வடகரைக்காரர் அமுக்கினால் பீய்ச்சுகிற அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக்கொண்டார். "நா ஊத்துதேன். நீ தட்டு."

வேறு யாராக இருந்தாலும் "ஊத்திட்டுத் தள்ளி நில்லுங்க, பொறவுதான் பேட்டரி செல்ல மாட்டுவேன்" என்று சொல்லியிருப்பேன். அவரிடம் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. செல் மாட்டியபடியே இருந்தது. அவர் ஊற்றினார், கொஞ்சம் அதிகமாகவே. நான் தட்டினேன்.

பொப் என்று ஒரு சத்தம். இன்ஜின் பிடிக்கவில்லை. அவர் திடுக்கிட்டுக் கையைப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் பாட்டிலை அமுக்கிவிட்டார். எரிபொருள் கோடாக வந்து பெஞ்சின் விளிம்பிலும் அவர் சட்டைக் கையிலும் வேட்டியிலும் விழுந்தது. பாட்டில் கீழே உருண்டது.

"ஆத்தாடி" என்று சிரித்தார். சிரித்தபடியே ஒரு எட்டு பின்னால் போனார். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. பிறகு குதித்தார்.

"என்ன ஐயா, எறும்பா?" என்றார் ஆய்க்குடிக்காரர்.

"குளவியா இருக்கும். ஏலே செல்லத்துரை, பெஞ்சுக்கு அடியில கூடு இருக்கான்னு பாரு" என்றார் வடகரைக்காரர்.

வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியில் ஈரம் தவிர ஒன்றும் தெரியவில்லை. புகை இல்லை. சுடர் இல்லை. எண்ணெய் துடைக்கிற பஞ்சு வேஸ்ட் ஒரு உருண்டை பெஞ்சின் மேல் கிடந்தது. என் கண் தற்செயலாக அதன்மேல் போனது. யாரும் தொடவில்லை. அது தானாகச் சுருங்கியது. வெள்ளை நூல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து மடங்கின. அதற்கு மேலே காற்று, தார் ரோட்டின் மேல் ஆடுகிற மாதிரி ஆடியது.

எனக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டே நிற்கிறேன், புரியவில்லை. ஏதோ பில்லி சூனியம் மாதிரி இருந்தது. பிறகு அவர் கையைப் பார்த்தேன். புறங்கையில் இருந்த நரைமுடி சுருண்டுகொண்டிருந்தது. முடி பொசுங்கும் வாடை வந்தது.

மெத்தனால் எரிந்தால் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அதை நான் தெரிந்துகொண்டது அந்த நிமிஷம்தான். இத்தனை வருஷம் அதை ஊற்றி ஊற்றிப் பார்த்தவள். அந்தப் பொப் சத்தத்தில் பிடித்த தீதான் சிந்திய எரிபொருளோடு அவர்மேல் ஏறியிருக்கிறது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அந்த வீடியோ உங்களிடம் இருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நான் பெஞ்சைப் பார்க்கிறேன். அவரைப் பார்க்கிறேன். கையைச் சட்டையில் துடைக்கிறேன். மறுபடி அவரைப் பார்க்கிறேன். மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நின்றேன். என்ன நினைத்தேன் என்று சொல்கிறேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தேன். ஒன்றுமே தெரியாத வேட்டியில், இத்தனை பேர் முன்னால், வீடியோ ஓடும்போது, அவ்வளவு பெரிய மனுஷர்மேல் நான் தண்ணீரை ஊற்றினால் கடையைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நினைத்தேன். ஒரு ஆள் எரியும்போது இதை நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு தொட்டிக்குள் கொட்டிக்கொண்டிருந்த குழாயைப் பிடுங்கி அவர்மேல் திருப்பினேன்.

முதலில் நெஞ்சில்தான் பட்டது. தீ இருக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாதே. எங்கே அடிப்பது. சட்டைக் கையில் அடித்தேன், தொடையில் அடித்தேன். அவர் முகத்தில் தண்ணீர் தெறித்து மூச்சுத் திணறினார்.

"ஏய், என்ன செய்யுத நீ? பைத்தியமா ஒனக்கு?"

ஆய்க்குடிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐந்தருவிக்குப் போவாண்டாம் போலுக்கே, இங்கனயே குளிச்சிரலாம்."

செல்லத்துரை என்னைப் பார்த்தான். தரையில் கிடந்த மோட்டார் ஒயரைப் பார்த்தான். முற்றம் முழுக்கத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். "அக்கா, கரண்டுக்கா" என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் மெயினை அணைத்தான்.

குழாயில் தண்ணீர் நின்றது.

அவன் செய்தது சரி. ஒயர் கிடக்கிற முற்றத்தில் ஒருத்தி காரணமில்லாமல் ஆள்மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். எனக்கு மட்டும் தெரிந்ததை நான் அவனுக்குச் சொல்லவில்லை. குழாயை எடுத்தபோது சொல்லவில்லை. அவர் பைத்தியமா என்று கேட்டபோது சொல்லவில்லை. அவர்கள் சிரித்தபோதும் சொல்லவில்லை. "தீ" என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவன் மெயின் பக்கம் போகாமல் வாளியோடு வந்திருப்பான். நான் வாயைத் திறக்காமல் வேலையைச் செய்தேன். எப்போதும் செய்கிற மாதிரி.

தண்ணீர் வடகரைக்காரரின் இடது காலில் முழங்காலுக்குக் கீழே படவே இல்லை. அங்கே எரிந்துகொண்டே இருந்தது. அவர் ஓர் அலறல் அலறினார். குளவி கொட்டினவன் போடுகிற சத்தம் இல்லை அது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் வேட்டித் துணியே பற்றிக்கொண்டு, கரை ஓரத்தில் மஞ்சளாகச் சின்னதாக ஒரு சுடர் எழுந்தது. அகல்விளக்கில் எரிகிற அளவுதான். அன்று நாங்கள் கண்ணால் பார்த்த முதல் தீ அது.

சிரிப்பு ஒரே நேரத்தில் நின்றது. சிரித்த வாய்கள் திறந்தபடியே இருந்தன.

நான் வாளியைத் தொட்டியில் முக்கி ஊற்றினேன். ஆய்க்குடி மூத்தவர்தான் சட்டென்று ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து அவர் காலைச் சுற்றிக் கட்டிப் பிடித்துக்கொண்டார். செல்லத்துரை அடுத்த வாளி, அதற்கடுத்த வாளி என்று ஊற்றிக்கொண்டே இருந்தான். ஊற்றும்போது அழுதுகொண்டிருந்தான்.

"அணஞ்சிட்டா? அணஞ்சிட்டா அக்கா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அணைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத தீயை உங்களால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? ஆய்க்குடிக்காரரில் இளையவர் தடுமாறிப் பெஞ்சின்மேல் கையை ஊன்றினார். ஊன்றிய கையை வெடுக்கென்று எடுத்து உதறினார். பெஞ்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி மூடி திறந்த எரிபொருள் கேன். நான் கேனைக் காலால் தள்ளிவிட்டு, பெஞ்சின்மேல் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தேன். பிறகு ஒரு பழைய பேப்பரைக் கம்பியில் குத்தி, பெஞ்சின் மேலும் தரையிலும் நீட்டி நீட்டிப் பார்த்தேன். பெஞ்சின் கால் ஓரம், ஒன்றுமே இல்லாத இடத்தில், பேப்பர் குப்பென்று பற்றியது. இத்தனைக்கும் பிறகு, அதைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். அந்தக் கத்தல் யாருக்கும் உபயோகமில்லை.

அவருடைய காரிலேயே தென்காசிக்குக் கொண்டுபோனோம். செல்லத்துரை ஓட்டினான். பின் சீட்டில் அவர் காலை நீட்டி என் மடியில் வைத்திருந்தார். நான் பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலில் சுற்றிய துண்டின்மேல் விட்டுக்கொண்டே வந்தேன். சனிக்கிழமை, சீசன். அருவிக்குப் போகிற வண்டிகளும் திரும்புகிற வண்டிகளுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. எங்கள் வண்டி நகரவே இல்லை. எதிரே நின்ற வேனில் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்தார். வடகரைக்காரர் தலையிலிருந்து கால்வரை நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியே சந்தோஷமாகக் கேட்டார்.

"அண்ணே, ஐந்தருவில தண்ணி நல்லா விழுதா?"

வடகரைக்காரர் கண்ணைத் திறந்தார். "விழுது" என்றார். "போங்க, நல்லா விழுது."

வண்டி கொஞ்சம் நகர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, மூடினபடியே என்னிடம் கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது.

"ஏம்மா, ஒனக்குத் தெரிஞ்சுட்டுல்லா? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

நான் துண்டின்மேல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு, வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, வெயில்ல அந்தத் தீ தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பின்ன எதுக்கு இருட்டுல ஓட்டுன்னேன்?"

"நிறம் பாக்கன்னு நெனச்சேன்."

"பிளக்குக்கு நிறம். இன்ஜினுக்குத் தீ. இருட்டுல நீலமாத் தெரியும்." தலையைக் குனிந்துகொண்டார். "பெஞ்ச வெளிய பாத்த அன்னைக்கே கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துது. ஒனக்குத் தெரியாமலா இருக்கும், வெயில் எறங்குன நேரம் பாத்துத்தான் ஓட்டுவன்னு நெனச்சிக்கிட்டேன். தப்பு எம்மேலதான் பிள்ள."

என்மேல் என்று நான் சொன்னேன். அவர் இல்லை என்றார்.

ஒரு சட்டத்துக்கு ஒரு காரணம்தான் இருக்கும் என்று நான் நம்பினேன். அந்தக் காரணத்துக்கு மீட்டர் வந்ததும் சட்டத்தையே தூக்கி வெயிலில் போட்டேன். நீங்கள் நம் கடையில் நிறைய மாற்றங்கள் செய்வீர்கள், செய்யவும் வேண்டும். ஆனால் எதையாவது இடம் மாற்றுமுன், அதை அங்கே வைத்தவரிடம் ஏன் வைத்தீர்கள் என்று வாயைத் திறந்து கேளுங்கள். அவர் சொன்ன பிறகும், வேறு ஏதாவது உண்டா என்று இன்னொரு தடவை கேளுங்கள். முட்டாள் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

வெட்கப்படுகிறவர்கள் உங்களில் ஒருவராவது இருப்பீர்கள். எனக்கு யார் என்றுகூடத் தெரியும். அவருக்குத் தனியாகச் சொல்கிறேன். நம்மை மாதிரி ஆட்கள் பேசாமல் காரியத்தைச் செய்து முடிப்பதை ஒரு நல்ல குணமாக எல்லோரும் சொல்வார்கள். பாதி நாள் அது நல்ல குணம்தான். ஆபத்து வரும்போது அது குணம் இல்லை. உங்கள் கை என்ன செய்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாவிட்டால், அவன் நல்ல எண்ணத்தோடேயே உங்கள் கையைத் தட்டிவிடுவான். முதலில் சொல்லுங்கள். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அசிங்கப்பட்டால் படுங்கள், வேட்டி நனைந்தால் காய்ந்துவிடும்.

வடகரைக்காரர் இப்போது நடக்கிறார். மழை நாளில் இடது கால் கொஞ்சம் இழுக்கும். அந்த வீடியோவை எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டது அவர்தான், முழுசாக, அலறல் வரைக்கும். யாரோ பின்பாதியை வெட்டிவிட்டுப் பாட்டைச் சேர்த்திருக்கிறார்கள். உங்களுக்கு வந்தது அது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவரைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். மறு காலின் தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னார்களாம். கடை லீவு. நானும் செல்லத்துரையும் வந்து முற்றத்தைக் கழுவினோம். இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.